சுழற்பூச்சுப் படலத்தில் தகைவைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டுமா?

அலைமுகம்:
வேஃபரில் (மெல்லிய சிலிக்கான் வட்டில்) சுழற்பூச்சாக, அதாவது கரைசலை ஊற்றி வேகமாகச் சுழற்றிப் பரப்பி, இட்ட பாலிமர் படலத்தை எலிப்சோமீட்டரில் (எதிரொளிக்கும் ஒளியின் முனைவாக்க மாற்றத்திலிருந்து தடிமனையும் ஒளிவிலகல் எண்ணையும் காணும் கருவியில்) அளக்கும்போது, எல்லாத் திசைக்கும் ஒரே ஒளிவிலகல் எண் எனக் கொள்வதே வழக்கம். தகைவினால், அதாவது படலத்துக்குள் நிலவும் இழுப்பினால், அது திசைக்குத் திசை மாறும் என்கிறார்கள். ஆனால் கண்ணாடியில் பூசிய படலத்தைக் குறுக்காக வைத்த இரு போலராய்டுகளுக்கு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகளுக்கு) நடுவே எப்படித் திருப்பினாலும் இருட்டுத்தான். பிறகு கணக்கீட்டு மாதிரியில் இன்னொரு மாறியைச் சேர்ப்பானேன்?

நிறப்பிரிகை:
அந்த இருட்டு, தகைவு இல்லை என்பதற்குச் சான்றாகாது. படலம் தன் தளத்தில் எல்லாப் பக்கமும் சமமாக இழுபட்டிருப்பதால், செங்குத்தாக நுழையும் ஒளிக்கு வேறுபாடு தெரிவதில்லை. தளத்துக்கும் தடிமன் திசைக்கும் உள்ள வேறுபாடு சாய்ந்து விழும் ஒளிக்கே புலப்படும், எலிப்சோமீட்டரிலோ ஒளி சுமார் 70 பாகை சாய்ந்துதான் விழுகிறது. பாலிகார்பனேட்டை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 150 பாகை செல்சியஸில் இறுகி அறை வெப்பநிலைக்கு வரும்போது அது சிலிக்கானைவிடப் பல மடங்கு சுருங்கப் பார்க்கிறது, வேஃபர் விடுவதில்லை. கணக்கிட்டால் சுமார் 30 மெகாபாஸ்கல் இழுதகைவு வருகிறது. தகைவு ஒளிவிலகல் எண்ணை எவ்வளவு மாற்றும் எனக் காட்டும் தகைவு-ஒளியியல் கெழு பாஸ்கலுக்கு ஏறத்தாழ 8×10⁻¹¹, பெருக்கினால் இரு திசைகளின் ஒளிவிலகல் எண் வேறுபாடு 0.002க்கு மேல். ஒளிவிலகல் எண்ணை மூன்று தசமத்துக்கு எழுதுகிறவர் இதை எப்படி ஒதுக்குவார்?

அலைமுகம்:
வசதியான எடுத்துக்காட்டைத் தேர்ந்தீர்கள். பிஎம்எம்ஏவில் (அக்ரிலிக் பிளாஸ்டிக்கில்) கெழுவின் அளவு அதில் இருபதில் ஒரு பங்குதான். வேறுபாடு நான்காம் தசமத்துக்குப் போய்விடும். சில பத்து நானோமீட்டர் படலத்திலோ தடிமனும் ஒளிவிலகல் எண்ணும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. அங்கே திசைவேறுபாட்டையும் நுழைத்தால் அளவீட்டோடு மாதிரியின் பொருத்தம் அழகாக வரும், பொருள் இருக்காது.

நிறப்பிரிகை:
அவ்வளவு மெல்லிய படலத்துக்கு நானும் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஒளிநடத்தியாகப் பயன்படும் மைக்ரான் தடிமன் படலங்களைப் பற்றியே பேசுகிறேன். அங்கே பட்டகத்தின் வழியே ஒளியைச் செலுத்தி, இரு முனைவாக்கத்துக்கும் (ஒளி படலத்தின் தளத்தில் அதிர்வதற்கும் அதற்குக் குறுக்கே அதிர்வதற்கும்) ஒளிவிலகல் எண்ணைத் தனித்தனியே அளக்கலாம். பொருத்திப் பார்க்கும் சிக்கலே எழாது.

இழைநோக்கி:
இருவரும் தகைவையும் பாலிமர்ச் சங்கிலிகளின் திசையமைவையும் (அவை ஒரு பக்கமாக வரிசைப்பட்டிருப்பதையும்) ஒன்றாகக் குழப்புகிறீர்கள். அடுக்கடுக்காக ஒட்டிய செல்லோடேப் போலராய்டுகளுக்கு நடுவே நிறம் காட்டுவது, அதை இப்போது யாரோ இழுப்பதால் அன்று. தயாரிப்பின்போது நீட்டியதில் சங்கிலிகள் அப்படியே உறைந்துவிட்டதால். விறைப்பான சங்கிலி கொண்ட சில பாலிஇமைடு படலங்களில் வேறுபாடு 0.1ஐயும் தாண்டுகிறது, அதில் பெரும்பங்கு திசையமைவினுடையதே. வேஃபரின் வளைவை அளந்து, 1909இல் ஸ்டோனி தந்த சமன்பாட்டால் தகைவைத் தனியே பெறுங்கள். பிறகு படலத்தைப் பிரித்து அளந்தால், மறைந்தது தகைவின் பங்கு, எஞ்சியது திசையமைவு.

அலைமுகம்:
உரிக்கும் இழுப்பிலேயே படலம் நீண்டுவிட்டால், புதிய திசையமைவை நீங்களே உண்டாக்கியவர் ஆவீர்களே?

இழைநோக்கி:
ஆகவேதான் கையால் உரிக்காமல் நீரில் மிதக்கவிட்டுப் பிரிக்க வேண்டும் என்பது. உறிஞ்சிய நீரும் ஒளிவிலகல் எண்ணை மாற்றும் என்பதால், நன்கு உலர்த்திய பிறகே அளக்க வேண்டும்.