புதுப்பிப்பு: ஒளி ஓவிய உருவப்படத்தில் முகம் தெளிந்துவிட்டது, சிவப்பும் நின்றுவிட்டது

இருட்டில் கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்து, விளக்கை அசைத்துக் கோடு வரைவதுதான் ஒளி ஓவியம். அப்படி எடுக்கும் உருவப்படத்தில் இரண்டு குறைகளைப் போன பதிவில் சொல்லியிருந்தேன். ஷட்டரைப் பத்து விநாடி திறந்து வைத்தால் முகம் கலங்குகிறது. சிவப்பு விளக்கால் வரைந்த கோடு படத்தில் வெள்ளையாக வெளிறுகிறது. இரண்டுக்கும் வழி கிடைத்துவிட்டது.

முகத்துக்கு ஃபிளாஷ்தான் விடை. இருட்டறையில் ஷட்டர் திறந்ததும் பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு வெட்டு. முகம் அப்போதே பதிந்துவிடுகிறது. பிறகு கறுப்பு உடையில் படத்துக்கு நிற்பவருக்குப் பின்னால் நின்று விளக்கை வீசி வரைகிறேன். 1949இல் பிகாசோ ஒளியால் வரைந்ததை புகைப்படக் கலைஞர் ஜோன் மிலி படமெடுத்ததும் இப்படித்தான்: ஃபிளாஷ் ஆளைப் பிடித்தது, திறந்திருந்த ஷட்டர் கோட்டைப் பிடித்தது.

நிறம்தான் என்னைப் பல இரவுகள் அலைக்கழித்தது. ஒளி மிஞ்சுவதால்தான் கோடு வெளிறுகிறது என்று ஷட்டர் நேரத்தைக் குறைத்தேன், பயனில்லை. நகரும் கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை லென்ஸ் துவாரம், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு), கையின் வேகம், விளக்கின் வலிமை ஆகியவையே. ஐஎஸ்ஓ 100இலேயே வைத்து, துவாரத்தை எஃப்/5.6இலிருந்து எஃப்/11க்குச் சுருக்கினேன். விளக்கின்மேல் சிவப்பு ஜெல் தாளை (ஒளிக்கு நிறமூட்டும் கண்ணாடித்தாள்) இரண்டாக மடித்துக் கட்டினேன். சிவப்பு, குங்குமம் போல அடர்த்தியாக நின்றது! துவாரம் சுருங்கியதால் ஃபிளாஷின் திறனை மட்டும் 1/16இலிருந்து 1/4க்கு உயர்த்த வேண்டியிருந்தது.

நேற்றைய படத்தில் முகம் நீலம், பின்னால் ஆரஞ்சு வளைவு. காதோரம் பிரிந்து நின்ற முடிகள் ஒவ்வொன்றும் காய்ச்சிய கம்பியாக ஒளிர்கின்றன. அந்த ஓரத்தையே வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, சிவப்பும் பச்சையும் குறுக்கிடும் இடத்தில் பிறக்கும் மஞ்சளை முகத்தருகே கொண்டுவரப் போகிறேன்.