குழந்தை காலில் உண்ணி ஒட்டியிருக்கிறது, எப்படி எடுப்பது?

தருமபுரிப் பெண்: இன்று சாயங்காலம் பூங்காவில் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இப்போது மகளைக் குளிப்பாட்டினால் முழங்காலுக்குப் பின்னால் எள்ளுப்போல் கறுப்பாக ஒன்று. தேய்த்தாலும் போகவில்லை, கால்கள் அசைகின்றன. வீட்டுக்காரர் நைட் ஷிப்ட். எனக்குக் கையே ஓடவில்லை.

ஊத்தங்கரையான்: எந்த ஊர், என்ன வயசு என்று சொல்லவில்லையே தங்கச்சி? நான் கனடா வந்த புதிதில் வடக்கு ஒன்டாரியோவில் கறுப்பு ஈ கடித்துக் காதுமடல் வீங்கிவிட்டது. அது ஓடுகிற தண்ணீரில் வளரும், பகலில்தான் கடிக்கும். மே, ஜூனில் கருநீலச் சட்டையே போடாதீர்கள், வந்து மொய்க்கும்.

பாலக்கோடு அக்கா: வேப்பெண்ணெய் ஒரு சொட்டு விடும்மா, தானே விழும். எங்கள் மாடுகளுக்கு அப்படித்தான்.

ஓசூர் நர்ஸ்: வேண்டாம் அக்கா. எண்ணெயோ சூடோ பட்டால் உண்ணி கடித்த இடத்திலேயே கக்கிவிடலாம், கிருமி உள்ளே போகும்.

பர்கூரான்: டாக்டரிடம் போகலாம் என்றால் குடும்ப டாக்டர் கிடைக்க வேண்டுமே! கோடையே கொஞ்ச நாள், அதிலும் வெளியே உட்கார முடியவில்லை. ஒகேனக்கல்லில் மீனைப் பொரிக்கக் கொடுத்துவிட்டு இருட்டும்வரை பாறையிலேயே கிடப்போம்.

ஊத்தங்கரையான்: கே.ஆர்.பி. அணைப் பூங்காவிலும் அப்படித்தான். அங்கே இந்தப் பயம் ஏது?

தருமபுரிப் பெண்: கனடா, கிங்ஸ்டன். நாலு வயசு. இன்னும் எடுக்கவில்லை.

ஓசூர் நர்ஸ்: கிங்ஸ்டன் பக்கம் கருங்கால் உண்ணி உண்டு, லைம் என்னும் பாக்டீரியா நோய் அதனால்தான் வரும். ஆனால் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை, அதனால் இப்போதே எடுங்கள். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டித் தலைப்பக்கம் பிடித்து, திருகாமல் நசுக்காமல் நேராக மேலே இழுங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உண்ணியைச் சின்ன டப்பாவில் மூடி வையுங்கள். அப்புறம் ஒன்டாரியோவின் மருத்துவ ஆலோசனை எண் 811க்குப் போன் செய்யுங்கள், இரவிலும் நர்ஸ் பேசுவார். 2023 முதல் ஒன்டாரியோவில் உண்ணிக்கடிக்கு மருந்துக்கடையிலேயே பார்க்கிறார்கள். காலையில் போய்க் கேளுங்கள்.

தருமபுரிப் பெண்: வந்துவிட்டது, தலையோடு முழுசாக! இனிப் பூங்கா பக்கமே போகக் கூடாதா?

ஓசூர் நர்ஸ்: தாராளமாகப் போங்கள். பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள், 20 சதவீத இக்காரிடின் உள்ள பூச்சிவிரட்டி பூசுங்கள், குழந்தைக்கும் ஆகும். வந்ததும் துணியை ட்ரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓட்டுங்கள். அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். ஒரு மாதம்வரை கடித்த இடத்தைக் கவனியுங்கள். சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள். இன்றைய தேதியைக் குறித்து வையுங்கள், டாக்டர் கேட்பார்.