பையெஸ்டேவா மலையைச் சுத்தி வர்ற லூப், தனியா போகலாமா?

கோவைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அரிசோனாவுல சாண்ட்லர் வந்து அஞ்சு மாசம் ஆச்சு, கோடை முழுக்க ஏசிக்குள்ளயே அடைஞ்சு கெடந்தாச்சு. அக்டோபர் முதல் சனிக்கிழமை ஃபீனிக்ஸ்ல பையெஸ்டேவா பீக் போலாம்னு இருக்கேன், உச்சிக்கு இல்ல, மலையைச் சுத்தி வர்ற ஃப்ரீடம் ட்ரெயில் 302, நாலு மைல் கிட்ட வருது. கூட வர்றேன்னு சொன்ன ரெண்டு பேரும் கழண்டுக்கிட்டானுங்க, அதனால தனியாதான். வெள்ளியங்கிரி மூணு தடவை ஏறினவனுக்கு நாலு மைல்லாம் ஒரு தூரமான்னு நான் சொல்றேன், வீட்ல விட மாட்டேங்குறாங்க. ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சா போதுமா? ஒரு லிட்டர் பாட்டில் ஒண்ணு பத்துமா?

மெசா அக்கா:
தம்பி, மொதல்ல வெள்ளியங்கிரிய மறந்துடுங்க. அங்க ராத்திரி ஏறுவோம், மரம் இருக்கு, சுனையில தண்ணி பிடிச்சுக்கலாம். இங்க சொட்டுத் தண்ணி கெடையாது, நெழல்னு பேருக்கு பாலோ வெர்டே மரம், அதுக்கடியில உக்காந்தா வெயிலும் கூடவே வந்து உக்காரும். அக்டோபர் மொத வாரத்துல மதியம் 100 ஃபாரன்ஹீட் தொடுறது இந்த ஊர்ல சகஜம். 100 தொட்டா சிட்டி ட்ரெயில்ல நாயக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னே ரூல் இருக்கு, நாலு கால் உள்ளதுக்கே அப்படின்னா பாத்துக்கோங்க. ஆறரைக்கு வண்டிய நிறுத்திட்டு நடக்க ஆரம்பிங்க, ஒன்பது மணி நீங்க வீட்டுக்குக் கெளம்புற டைம்.

அப்புறம் இந்த வேர்வை விஷயம். ஊர்ல வேர்த்தா சட்டை நனையும், இங்க நனையறதுக்குள்ள காஞ்சிடும். மொத தடவை எனக்கு வேர்க்கவே இல்லன்னு பெருமையா எறங்கி வந்தேன், கார்கிட்ட வந்து கழட்டிப் பாத்தா கருப்பு டீஷர்ட்ல பேக் பட்டை போன தடம் பூரா வெள்ளையா உப்பு. மூணு லிட்டர் எடுத்துக்கோங்க, கூடவே உப்புக் கடலை, வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே போனாலும் தலை சுத்தும். பாதி தூரம் வர்றதுக்குள்ள பாதித் தண்ணி தீந்துச்சுன்னா வந்த வழியே திரும்பிடணும், ரோஷம் பாக்கக் கூடாது.

மலைப்பல்லி:
அக்கா சொன்னது சரி, ஆனா தனியா போறதப் பத்தி ரொம்பப் பயப்பட வேணாம், சனிக்கிழமை காலைல திருவிழாக் கூட்டம். அந்தக் கூட்டம்தான் பிரச்சனையே. ஆரம்பத்துல கொஞ்ச தூரம் 302-ம் உச்சிக்குப் போற 300-ம் ஒரே பாதை, எல்லாரும் மேல போறாங்கன்னு பின்னாடியே போனா 2,610 அடி உச்சிலதான் போய் நிப்பீங்க. நான் அப்படித்தான் நின்னேன், மேல போய் அங்க இருந்தவர்கிட்ட லூப் எங்க திரும்புதுன்னு கேட்டா அவர் கீழ கைய காட்டுறாரு. 302 போர்டு பாத்து பிரியணும். மேற்குப் பக்கம் எறங்கினதும் சத்தம் பொசுக்குனு நின்னுடும், கீழ 51 ஃப்ரீவேல கார் போறது தெரியும், ஆனா கால் பெசகினா கைகுடுக்க பக்கத்துல ஆள் இருக்காது. எறக்கத்துல கெட்டிப் பாறை மேல பொடிச் சரளை, கோலிகுண்டு மேல நடக்குற மாதிரி வழுக்கும், நல்ல கிரிப் உள்ள ஷூ போடுங்க.

2003ல ஈராக் போர்ல இறந்துபோன லோரி பையெஸ்டேவாங்கற ஹோபி இனத்துப் பொண்ணு பேர்தான் மலைக்கு வச்சிருக்காங்க. பழைய பேரச் சொல்லாதீங்க, அது பூர்வகுடிப் பெண்களைத் திட்டுற வார்த்தை.

முள்ளுபட்டவன்:
யாரும் சீப்பு சொல்லலையே? டெடி பேர் சோயான்னு ஒரு கள்ளி, தூரத்துல பாத்தா பஞ்சு பொம்மை மாதிரி இருக்கும். போட்டோ எடுக்கப் பின்னாடி நகர்ந்தேன், கெண்டைக்கால்ல ஒரு உருண்டை ஒட்டிக்கிச்சு. கையால பிடுங்கினேன், இப்ப கையிலயும் ஒட்டிக்கிச்சு. முள்ளு நுனி கொக்கி மாதிரி, இழுத்தா தோல் கூடாரம் போட்ட மாதிரி எழும்பி வருது. அந்தப் பக்கம் வந்த ஒரு பாட்டி பாக்கெட்லேர்ந்து அகலப்பல்லு சீப்ப எடுத்து, காலுக்கும் உருண்டைக்கும் நடுவுல விட்டு ஒரே தெறி, பத்தடி தள்ளிப் போய் விழுந்துச்சு. எனக்கு ரெண்டு நாள் விரல் மடங்கல.

கோவைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. வீட்ல இத படிச்சுட்டு மேப்ப பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டியாச்சு, சீப்பு ஒண்ணுக்கு ரெண்டா பேக்ல இருக்கு. ஒன்பதரைக்குள்ள என்கிட்டேர்ந்து போன் வரலன்னா 911 அடிப்பாங்களாம், அது ட்ரெயில்ல மாட்டினாலும் சரி, எறங்கி வந்து தோசை சாப்பிடப் போயிட்டாலும் சரியாம்.