எஸ்க்யூ 62, ஃபார்ம் போர்டில் 84: எந்த நம்பரை எடுப்பது?

காபிக்காடு:
ஏற்காட்டில் நான் பாடம் எடுக்கும் ஒன்றாம் வகுப்புப் பையன். பேச்சு தாமதம், ரெண்டு மூணு வார்த்தை சேர்த்துத்தான் வருது. சேலத்தில் டெஸ்ட் எடுத்த ரிப்போர்ட்டில் வயது 6 வருஷம் 4 மாசம், அன்றாட வாழ்க்கைத் திறனைப் பார்க்கும் வைன்லேண்டில் சமூக வயது 47 மாசம், எஸ்க்யூ (அந்தச் சமூக வயதை உண்மை வயதோடு ஒப்பிடும் எண்) 62. மரத்துண்டு பொருத்தும் செகுவின் ஃபார்ம் போர்டில் "ஐக்யூ 84". முடிவு, மைல்டு அறிவுசார் குறைபாடு. ரெண்டுக்கும் 22 வித்தியாசம் எப்படி வரும்? மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்கு எது? அப்பா அம்மா ரெண்டு பேரும் எஸ்டேட் வேலை, ஒவ்வொரு தடவை மலை இறங்கினாலும் அன்னிக்குக் கூலி போச்சு.

அஸ்தம்பட்டி_சைக்:
முதலில், ஃபார்ம் போர்டு தருவது ஐக்யூ இல்லை. பத்து மரத்துண்டுகளை அதனதன் குழியில் எவ்வளவு வேகமாகப் போடுகிறான் என்பது மட்டுமே. மூன்று முறை போடச் சொல்லி, அதில் குறைந்த நேரத்தை எடுத்து, அட்டவணையில் மன வயது பார்ப்போம். வடிவம் பிரித்தறிவது, கண்-கை ஒத்திசைவு, வேகம் தெரியும். பேச்சோ யோசனையோ இதில் அகப்படாது. அங்கன்வாடியில் இதே மாதிரி பலகையில் விளையாடிய பிள்ளை கூடுதலாகவே வாங்கும். ஆடுகிற பெஞ்சில் வைத்தாலோ, பக்கத்தில் உட்கார்ந்த அம்மா கண்ணால் காட்டினாலோ அந்த நேரத்தை நம்பவே கூடாது.

வைன்லேண்ட் வேறு சங்கதி. அது பிள்ளையிடம் வைக்கும் டெஸ்டே இல்லை, வளர்ப்பவரிடம் எடுக்கும் பேட்டி. உளவியலாளர் மாலின் இந்தியாவுக்கு ஏற்ப மாற்றிய வடிவத்தில் 89 அம்சங்கள். சாப்பிடுவது, உடுத்துவது, நடமாட்டம், பேச்சு, பிறரோடு பழகுவது உள்பட எட்டுப் பிரிவு. பேச்சு தாமதமான பையனுக்குப் பேச்சும் பிறரோடு பழகுவதும் சேர்ந்து இறங்கும், மொத்த எண்ணையும் இழுத்துவிடும். ஆக 22 வித்தியாசம் அதிசயம் இல்லை. எட்டுப் பிரிவில் எங்கே விட்டான் என்று ரிப்போர்ட்டில் எழுதவில்லையா? அதைக் கேட்டு வாங்குங்கள், நம்பரைவிட அதுதான் வகுப்பில் உங்களுக்கு உதவும்.

பேட்டியில் கெடுவது இரண்டு இடம். "சட்டை தானே போடுவானா?" என்றால் "போடுவான்" என்றுதான் பதில் வரும். "சட்டை போடும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால் "பட்டன் மட்டும் நான்தான்" என்று உண்மை வெளியே வரும். முடியுமா என்பதற்கு மதிப்பெண் இல்லை, வழக்கமாகச் செய்கிறானா என்பதற்குத்தான். அடுத்தது, வாய்ப்பே இல்லாதவை. மாடிப்படி ஏறுவது ஓர் அம்சம். படியே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு "இல்லை" என்று போட்டால் அநியாயம். வாய்ப்பு இல்லாததைக் குறிக்க மூல வைன்லேண்டில் தனிக் குறியீடே உண்டு, பலர் அதைத் தொடுவதில்லை. காலையில் காட்டுக்குப் போய்விடும் அம்மாவைவிட, நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் பாட்டியைக் கூட்டி வருவது நல்லது.

ஃபார்ம்_போர்டு:
வயதைச் சரிபார்த்தீர்களா? எஸ்க்யூ என்பது சமூக வயதை உண்மை வயதால் வகுத்து 100-ஆல் பெருக்குவது. 47ஐ 76-ஆல் வகுத்தால் 62. ஸ்கூல் சேர்க்கைக்காகப் பிறந்த தேதியை ஒரு வருஷம் முன்னே போட்டிருந்தால் வகுப்பது 64-ஆல், எஸ்க்யூ 73! 2018 ஜனவரி வழிகாட்டுதலில் எஸ்க்யூ 55 முதல் 69 வரை என்றால் குறைபாடு 50 சதவீதம், 70 முதல் 84 வரை 25 சதவீதம் என்று இருந்தது; 2024 மார்ச்சில் புது வழிகாட்டுதல் வந்துவிட்டது. சலுகைகளுக்குப் பெரும்பாலும் 40 சதவீதம் வேண்டும். தடுப்பூசி அட்டையில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.

காபிக்காடு:
தடுப்பூசி அட்டையிலும் அதே தேதிதான். பினே-காமத் ஐக்யூ டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா?

அஸ்தம்பட்டி_சைக்:
எடுக்கலாம், ஆனால் காது பார்த்த பிறகு. பேச்சு தாமதம் என்றாலே ஆடியோகிராம் (காது கேட்கும் திறன் டெஸ்ட்) முதலில். பெரியாஸ்பத்திரி காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் கேளுங்கள். பையன் ஒத்துழைக்கவில்லை என்றால் தூங்கவைத்து பெரா (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படி எதிர்வினை தருகின்றன என்று பார்க்கும் டெஸ்ட்) எடுப்பார்கள். காது கேட்கும் திறனில் நடுத்தரக் குறைவு, சளி கட்டிய காது, இரண்டுமே வாய்மொழிக் கேள்விகளில் பிள்ளையைத் தோற்கடிக்கும், பழி அறிவின் மேல் விழும்.

பினே-காமத்தில் 3 முதல் 10 வயது வரை வயதுக்கு ஆறு கேள்வி, ஒன்றுக்கு 2 மாசம். ஆறும் சரியான வயதில் தொடங்கி, ஆறும் தவறும் வயதில் நிறுத்துவோம். பெரும்பாலும் பேச்சு சார்ந்தது. அதோடு நார்மும் (ஒப்பிடப் பயன்படும் சராசரி அளவு) பழையது, 1967 பதிப்பு, அதனால் எண் கொஞ்சம் கூடுதலாகவே வரும். உங்கள் ஊர் மலையாளி பழங்குடி மக்கள் புழங்கும் சொல்லில் கேட்டால்தான் நியாயம், கேள்வியின் கடினம் மாறாமல். எடுத்த டெஸ்டையே மறுபடி எடுப்பதாக இருந்தால் ஆறு மாசமாவது இடைவெளி விடுங்கள்.

கண் பார்க்காமல் இருப்பது, கூப்பிட்டால் திரும்பாதது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது ஏதாவது இருந்தால் ஐஎஸ்ஏஏ (ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோல்) சேர்த்துப் போடச் சொல்லுங்கள். 40 அம்சம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மொத்தம் 70க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 மைல்டு, 153 வரை மிதம், அதற்கு மேல் தீவிரம். பேச்சே வராத பிள்ளைக்கும் சில அம்சங்கள் ஏறிவிடும், அதனால் கேட்டறிந்ததோடு நிற்காமல் நேரில் கவனித்தும் மார்க் போடவேண்டும்.

ஃபார்ம்_போர்டு:
கூலி விஷயத்துக்கு: பள்ளிக்கு வரும் ஆர்பிஎஸ்கே (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) நடமாடும் குழுவிடம் பெயர் கொடுத்தால், மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். காது, டெஸ்ட், டாக்டர் மூன்றையும் ஒரே நாளில் வைக்கக் கேளுங்கள். காலையிலேயே போங்கள். 20 கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்த பிள்ளையை இறங்கின கையோடு உட்காரவைக்காதீர்கள், அரை மணி நேரம் தூங்கி, சாப்பிட்டு எழுந்த பிறகு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ், தடுப்பூசி அட்டை, அவன் எழுதின நோட்டு ஒன்று கையில் இருக்கட்டும்.