கார் ஷெட்டும் மேலே ஒரு மாடியும் – வடக்குத் தெரு வீட்டுக் குழு

சுரேஷ்: சித்தப்பா, கிழக்க காலியா கெடக்குற இடத்துல கார் ஷெட்ட தனியா போடலாம்னு இருக்கோம். மேல தளம் போட்டு சாயங்காலம் உக்காரவும், விசேஷம்னா இருபது பேர் பந்தி உக்காரவும் தோதா வேணும். உள்ளளவு 13க்கு 20 அடி. காம்பவுண்டு சுவர் 9 இஞ்சுல நிக்குதே, அதையே ஒரு பக்கச் சுவரா வச்சுக்கலாமா?

குமார் சித்தப்பா: வேண்டாம். அந்தச் சுவருக்கு அஸ்திவாரமே ரெண்டடிதான் இருக்கும், அதுவும் கரிசல்ல. மழைக்கு மண் உப்பும், கோடைக்குச் சுருங்கும், சுவர் ஏறி இறங்கும். அது மேல ஸ்லாப்ப ஏத்துனா ஒரே வருஷத்துல வெடிப்பு விடும். தகரம் போடுறதுன்னா சரி. ஆள் நிக்கணும்னா தனித் தூண்தான்.

செல்வி மைனி: எல்லைய ஒட்டிக் கட்டுனா பிளான் அப்ரூவல்லயும் இடிக்கும். படியும் கைப்பிடிச் சுவரும் வந்துட்டா அத வெறும் ஷெட்டுன்னு சொல்ல முடியாது. தமிழ்நாட்டோட 2019 கட்டட விதிப்படி நம்ம மனைக்கு எவ்வளவு இடம் விடணும்னு நகராட்சியில கேட்டுட்டு அப்புறம் கயிறு கட்டுங்க.

சுரேஷ்: சரி மைனி. தூண் எத்தனை சித்தப்பா? நாலு போதும்னு மேஸ்திரி சொல்றாரு.

குமார் சித்தப்பா: ஆறு. நாலு தூணுன்னா 20 அடி பீம் ரொம்ப ஆழமா வரும், ஸ்லாப்பும் 6 இஞ்சு கேக்கும். 10 அடியில நடுவுல ஒரு பீம் கொடுத்தா ரெண்டு கட்டமாப் பிரியும், 5 இஞ்சு ஸ்லாப் போதும். நடு பீம் 9க்கு 18 இஞ்சு, சுத்துப் பீம் 9க்கு 12 இஞ்சு. தூண் 9க்கு 12 இஞ்சு, 16 எம்எம் கம்பி நாலு. இது தோராயம்தான். கம்பிக் கணக்க இன்ஜினியர் கையெழுத்தோட வாங்கிரு.

குமார் சித்தப்பா: அவர்கிட்ட பாரம் என்னன்னு முதல்லயே சொல்லணும். சும்மா ஏறி இறங்குற மொட்டை மாடிக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோன்னு போட்டுருவாங்க. பந்தி உக்காரும்னு சொல்லி 300க்குப் போடச் சொல்லு.

செல்வி மைனி: ஓரத்துல பாத்தி கட்டி செடி வைக்கணும்னு அத்தைக்கு ஆசை 🌿

குமார் சித்தப்பா: ஓரடி ஈரமண்ணு சதுர மீட்டருக்கு 500 கிலோவத் தாண்டும் மைனி. பாத்தி வேண்டாம். பைத் தொட்டிய சுத்துப் பீம் மேல வரிசையா வைக்கச் சொல்லுங்க. 1000 லிட்டர் டேங்கு வைக்கிறதா இருந்தா தூண் தலைக்கு மேல மட்டும்.

மாடசாமி அண்ணன்: குழி எவ்வளவுன்னு எழுதலையே. அஞ்சடின்னு எண்ணி நிறுத்தக் கூடாது. கரிசல் முடிஞ்சு சுக்கான், அதாவது கெட்டியான சுண்ணாம்புக்கல் மண்ணு, தட்டணும், அது ஆறடியோ எட்டடியோ. அடியில 4 இஞ்சு பிசிசி (கம்பியில்லாத காங்கிரீட்), மேல தூணு நிக்க 4க்கு 4 அடி பூட்டிங். தோண்டுன கரிசலையே திருப்பிக் குழியில தள்ளுவாங்க, விடாதே. சரள் மண்ணு போட்டு அடுக்கடுக்காத் தண்ணி விட்டு இடிக்கணும்.

மாடசாமி அண்ணன்: தரைமட்டத்துல தூணுகளச் சேக்குற பிளிந்த் பீமுக்கு அடியில 3 இஞ்சு வெத்திடம் விடணும். மண்ணு உப்பி பீம மேல தள்ளுறதாலதான் இங்க பாதி வீட்டுல சுவர் கோணல் மாணலா வெடிச்சு நிக்குது.

சுரேஷ்: ஸ்லாப்புக்கு சிமெண்டு எத்தனை மூட்டை சொல்லட்டும் அண்ணே?

மாடசாமி அண்ணன்: வெளியளவு பதினாலரைக்கு இருபத்தொன்றரை. ஸ்லாப்பும் பீமும் சேத்து 170 கன அடி, அதாவது 5 கன மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 1:1½:3 (சிமெண்டு, மணல், ஜல்லி) கலவைக்கு கன மீட்டருக்கு 8 மூட்டை, ஆக 40. கம்பி 450லருந்து 500 கிலோ. பூட்டிங், தூணு கணக்கு தனி. எம்சாண்டு வந்ததும் கையில அள்ளிப் பாரு. மாவு மாதிரி தூசி ஒட்டுச்சுன்னா லாரிய அப்பவே திருப்பி அனுப்பு.

செல்வி மைனி: முன்பக்கம் 4 அடி ஸ்லாப்ப வெளிய நீட்டலாம்ல? வெயிலுக்கும் ஆச்சு, மேல இடமும் கூடும்.

குமார் சித்தப்பா: 3 அடியோட நிறுத்துங்க. நீட்டுற ஸ்லாப்புக்கு உசிரே மேல் கம்பிதான். அந்தக் கம்பி உள்ளே குறைஞ்சது நாலரை அடி ஓடணும். காங்கிரீட் போடுற அன்னைக்கு சட்டி தூக்குறவங்க அது மேல நடந்து நடந்து மிதிச்சு அடிக்கு இறக்கிருவாங்க. வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது, அடியில கொடுத்த முட்ட எடுத்ததும் முனை தொங்கும். 3 அடிக்கு ஒரு சேர் கம்பி (மேல் கம்பியத் தூக்கிப் பிடிக்கிற வளைச்ச கம்பி) வச்சுக் கட்டி, நடக்கப் பலகை போடச் சொல்லணும். நடு பீம் மேல வர்ற கம்பிக்கும் இதேதான்.

சுரேஷ்: முட்டு எப்ப எடுக்கலாம்?

மாடசாமி அண்ணன்: பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்டுன்னா ஸ்லாப்புக்கு 14 நாள், பீமுக்கும் நீட்டுனதுக்கும் 21. செண்ட்ரிங் (காங்கிரீட்டத் தாங்குற பலகையும் முட்டும்) வாடகை ஏறுதுன்னு ஏழாம் நாளே வந்து கேப்பாங்க. பாத்தி கட்டி தண்ணி நிறுத்துறது 10 நாளாவது இருக்கணும்.

அனிதா: அண்ணே, காங்கிரீட்டுக்கு முந்தின நாள் என்னக் கூப்பிடு. மேல விளக்குக்கும் ஒரு பிளக்குக்கும் பைப்ப ஸ்லாப் கம்பிக்கு நடுவுல ஓட்டணும், அப்புறம் தட்டுனா தண்ணி இறங்க வழியாயிரும். நாளைக்கு மின்சார கார் வாங்கலாம்ல, மெயின் போர்டுலருந்து ஷெட் வரைக்கும் தனி பைப் இப்பவே புதைச்சிரு. 7 கிலோவாட் சார்ஜருக்கு 32 ஆம்பியர் போகும், 6 சதுர எம்எம் காப்பர் வயர், தனி ஆர்சிபிஓ (கரண்டு கசிஞ்சாலோ கூடிப் போனாலோ தானா அணைக்கிற சுவிட்ச்), தனி எர்த்.

சுரேஷ்: 👍 ஒழுகாம இருக்க என்ன செய்யணும்? அதுதான் அப்பாவுக்குப் பயம்.

குமார் சித்தப்பா: வாட்டத்த ஸ்லாப்புலயே கொடுத்துரு. அகலப் பக்கமா 2 இஞ்சு சாய்ச்சு செண்ட்ரிங் அடிச்சா மேல சுண்ணாம்பு ஜல்லித் தளம் தேவைப்படாது. அந்தத் தளமே சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல பாரம். தாழ்ந்த பக்கம் 4 இஞ்சு பைப் ரெண்டு. ஒண்ணுல இலை அடைச்சாலும் இன்னொண்ணு ஓடணும். அதுக்கும் மேல சுவர்ல ஒரு ஓட்டை, ரெண்டும் அடைச்சா வெளியத் தள்ள.

குமார் சித்தப்பா: ஒழுகுறது நடுவுல இல்ல, ஓரத்துலதான். கைப்பிடிச் சுவரும் ஸ்லாப்பும் சேருற மூலையில 3 இஞ்சுக்குச் சரிவா கலவை வச்சு, மேல வாட்டர்புரூஃப் ரெண்டு கோட்டு, நடுவுல ஃபைபர் வலை. சுவர்ல ஓரடி உயரம் ஏறணும். காஞ்சதும் பைப்ப அடைச்சு 2 இஞ்சு தண்ணி கட்டி ரெண்டு நாள் விடு. கீழ ஈரம் தெரியலைன்னா மட்டும் கூல் டைல்ஸ்.

செல்வி மைனி: முன்பக்கம் மட்டும் ஸ்டீல் கைப்பிடி வச்சா பாக்க நல்லாருக்கும்.

மாடசாமி அண்ணன்: வைக்கலாம் மைனி. ஆனா ஸ்லாப் மேல டிரில் போட்டா அத்தனை ஓட்டையும் தண்ணிக்கு வாசல். ஓரத்துல 6 இஞ்சு காங்கிரீட் திண்டு எழுப்பி அதுல போல்டு போடுங்க, இல்லன்னா ஸ்லாப்போட வெளி முகத்துல. மொத்த உயரம் மூன்றரை அடிக்குக் குறையக் கூடாது.

சுரேஷ்: படி வெளியிலதான. எவ்வளவு நீளம் விடணும்?

குமார் சித்தப்பா: தரையிலருந்து மேல்தளம் 11 அடி வரும். 6.6 இஞ்சு உயரத்துல 20 படி, மிதி 10 இஞ்சுல 19, அப்ப 16 அடி. 3 அடி அகலம். பக்கவாட்டு நீளத்துலயே அடங்கிரும். படிக்கும் தனி அஸ்திவாரம், மறந்துராத.

சுரேஷ்: ஷட்டர் 10க்கு 8 அடி சொல்லிட்டேன்.

மாடசாமி அண்ணன்: சுருள் பெட்டிக்கு மேல ஒன்றரை அடி இடம் விடு. தரை உள்ளேயிருந்து வாசலுக்கு 2 இஞ்சு வாட்டம். சாய்தளம் 6 அடியாவது இருக்கட்டும், ரோட்டுல ஏறாம.

சுரேஷ்: வியாழக்கிழமை ஜேசிபி வருது சித்தப்பா.

குமார் சித்தப்பா: ஜேசிபிய கடைசி அரையடிக்கு முன்னாடி நிறுத்தி ஆள வச்சு மட்டம் பண்ணு. ஆறு குழிக்கும் டேப்ப வச்சு போட்டோ எடுத்து இங்க போடு. ஒரு குழியில சுக்கானும் பக்கத்துக் குழியில கரிசலும் தெரிஞ்சா அன்னைக்கு பிசிசி போடாத, அந்தக் குழிய இன்னும் இறக்கணும்.