புதுப்பிப்பு: கூட்டத்தில் யாரும் வாய் திறக்காத அணி

என் அணியில் எல்லாரும் திறமைசாலிகள், ஆனால் கூட்டத்தில் பேசுவதில்லை, ஊக்கத்தொகை கொடுத்தும் பலனில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. அந்தப் பதிவுக்கு நீங்கள் பதிலில் சொன்னபடி, மூத்தவர்கள் கடைசியில்தான் பேசுவது என்று வைத்தோம். அப்புறம், தவறு நடந்தால் "யார் செய்தது?" என்பதை விட்டுவிட்டு "எங்கே பிசகியது?" என்று கேட்கத் தொடங்கினோம். பெரிய மாற்றம் இதனால்தான் வந்தது.

பதிவான பிழைகள் முதலில் கூடின, மேலாளர் பதறினார். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை அணிகளை ஆராய்ந்தபோதும் இதையேதான் கண்டார்: நல்ல அணிகளில்தான் பதிவான தவறுகள் அதிகம், அவர்கள் மறைக்கவில்லை என்பதால். அந்த ஆய்வைக் காட்டியதும் மேலாளர் சரி என்றார். ஊக்கத்தொகையும் தொடர்கிறது; பேச வைக்க அது மட்டும் போதவில்லை, ஆனால் அதுவும் வேண்டும்தான்.

புதிதாகச் சேர்ந்த பெண் நேற்று வெளியீட்டுத் தேதியையே தள்ளிவைக்கச் சொன்னார். தள்ளிவைத்துவிட்டோம்.