ராஜ்மகால் மலையில் ஊழியம் செய்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் ஜார்கண்ட், சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் மால்டோ என்ற பழங்குடி மக்கள் மத்தியில் ஊழியம் செய்கிறேன், வந்து நாலு மாதம்தான் ஆகிறது.

போன திங்கட்கிழமை நானும் கூட இருக்கிற அண்ணனும் மேல் கிராமத்துக்குப் போனபோது ஏழு வயதுப் பையன் ஒருவன் மூன்று வாரக் காய்ச்சலில் படுத்திருந்தான், இடது பக்கம் மண்ணீரல் கல் மாதிரி வீங்கியிருந்தது. அண்ணன் தொட்டுப் பார்த்துவிட்டு காலா அசாராக, அதாவது மண்ணீரலை வீங்க வைக்கும் கருங்காய்ச்சலாக இருக்கும் என்றார். கயிற்றுக் கட்டிலை மூங்கிலில் கட்டி ஆறு பேர் மாறி மாறிச் சுமந்து இறங்கினோம், வழி முழுக்க அவன் என் சுண்டுவிரலை விடவே இல்லை. அரசு மருத்துவமனையில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதேதான். மருந்து இலவசமாகவே போட்டார்கள், இப்போது கஞ்சி குடிக்கிறான். அப்புறம் வியாழக்கிழமை அண்ணனுக்கே மலேரியா வந்துவிட்டது, ஞாயிறு ஆராதனையை நான் தனியாக நடத்தினேன்.

காலா அசாரைப் பரப்புவது மணல் ஈ. கொசுவைவிடச் சின்னது, சாதாரண வலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். நெருக்கமான கண் உள்ள, மருந்து தோய்த்த வலை மொத்தமாக எங்கே கிடைக்கும்? நாற்பது வேண்டும்.

இன்னொன்று, மால்டோ நம் திராவிட மொழிதான், பல்லுக்கு பலு, கண்ணுக்கு கனு, ஆனால் நோயைப் பற்றிப் பேச எனக்கு வார்த்தை வரவில்லை. "பதினைந்து நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் உடனே கூட்டி வாருங்கள்" என்பதை அவர்கள் பேசுகிற மாதிரியே யாராவது குரல் பதிவாக அனுப்ப முடியுமா? அண்ணனுக்காக ஜெபியுங்கள்.